காம்போசிட் ஃபில்லிங் போட்ட கடைவாய்ப் பல்: கடித்தால் சுளீர், இடுக்கில் சாப்பாடு மாட்டுது. திரும்பப் போடணுமா?

கேள்வி: முறுக்குப்பிரியன்

கீழ்த்தாடை வலது பக்கம், சீட்டில் 46 என்று எழுதியிருக்கும் பல். முன்னால் இருக்கும் பல்லோடு ஒட்டும் பக்கத்தில் சொத்தை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நரம்பு வரைக்கும் போகவில்லை, அடைத்தால் போதும் என்று வெள்ளை காம்போசிட் (பல் நிறப் பிசின்) போட்டார்கள். இரண்டு வாரம் ஆகப்போகிறது.

இப்போ முறுக்கு, கடலை மாதிரி கெட்டியாகக் கடித்தால் சுளீர் என்கிறது. இட்லி, சாதத்துக்கு ஒன்றுமில்லை. ஐஸ் தண்ணீர் பட்டால் கூசுகிறது, விழுங்குவதற்குள் போய்விடுகிறது. இதெல்லாம் போக, கீரை நார், கறி நார் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முன்பு அப்படி இல்லை. ஃப்ளாஸ் விட்டால் பிசிறு பிசிறாகக் கிழிகிறது. கிளினிக்கில் கேட்டால் "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். உண்மையா? ரூட் கெனாலில் போய் நிற்குமா? பேசாமல் வெள்ளி அடைப்பே போட்டிருக்கணுமோ?

பதில் 1: மெழுகுத்தாள்

கடிக்கும்போது வலிப்பதையும் இடுக்கில் மாட்டுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

முதலில் பார்க்க வேண்டியது உயரம். கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் உதடு, நாக்கு எல்லாம் இரண்டு மூன்று மணி நேரம் மரத்துக் கிடக்கும். அந்த நிலையில், நாற்காலியில் சாய்ந்தபடி "கடிங்க" என்றால் யாருக்கும் சரியாகக் கடிக்க வராது. ஃபில்லிங் ஒரு மயிரிழை தூக்கலாக நின்றாலும் அந்தப் பல்தான் எதிர்ப் பல்லில் முதலில் முட்டும். வேரைச் சுற்றியுள்ள தசைநார் நசுங்கி வீங்கி, கெட்டியாகக் கடித்தால் வலிக்கும். இது பழகிப்போகும் என்று காத்திருப்பது வீண்.

மரப்பு இல்லாத நேரத்தில் போய், நிமிர்ந்து உட்கார்ந்து, கலர் பேப்பர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 40 மைக்ரான் அளவுக்கு மெல்லிசான பேப்பர். நேராகக் கடித்தால் மட்டும் போதாது. பேப்பர் இருக்கும்போதே தாடையை இடமும் வலமும் அரைக்கிற மாதிரி நகர்த்தணும். பாதிப் பேர் இந்த இரண்டாவதைச் செய்வதே இல்லை. ஃபில்லிங் மேல் அழுத்தமாகக் கறை விழும் இடத்தைத் தேய்த்து எடுத்தால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை, ஊசி வேண்டாம். தேய்த்த பிறகு தசைநார் ஆற சில நாள் பிடிக்கும், அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு வேண்டாம்.

உயரம் சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் ஒட்டிய விதத்தில் சந்தேகம். காம்போசிட் தானாகப் பல்லில் ஒட்டாது. 37% பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லை எனாமலில் 30 விநாடி வரை, அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் அடுக்கில் 15 விநாடிக்கு மேல் போகாமல் வைத்துக் கழுவணும். கழுவியபின் காற்றடித்து ஒரேயடியாகக் காயவைத்தால் டென்டினில் உள்ள கொலாஜன் வலை படுத்துவிடும், பாண்டிங் திரவம் உள்ளே இறங்காது. அடியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி நிற்கும். கடிக்கும்போது அதிலுள்ள நீர் டென்டின் குழல்களுக்குள் தள்ளப்படுவதுதான் அந்தச் சுளீர்.

இன்னொன்று, பொறுமையின்மை. சாதாரண காம்போசிட்டை 2 மி.மீ. கனத்துக்கு ஓர் அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி போல நீல விளக்குக் காட்டணும். பல்க்‌ ஃபில் வகை (கனமாக வைக்கவே செய்தது) என்றால் 4 மி.மீ. வரை போகலாம். சாதாரணப் பொருளையே ஒரே அப்பாக அப்பினால் மேலே கல்லாகும், அடியில் வேகாமல் கிடக்கும். இறுகும்போது கன அளவில் 2–3% சுருங்குவதால் ஓரமும் பிரியும். இந்த மாதிரி என்றால் தேய்த்துச் சரிக்கட்ட முடியாது, எடுத்துவிட்டுத்தான் போடணும்.

பதில் 2: ஆப்பும்வளையமும்

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இந்தக் கேள்வியில் பெரிய விஷயம் இடுக்குதான். உயரத் தகராறு ஐந்து நிமிடத்தில் தீரும். சாப்பாடு மாட்டுவது அப்படியே விட்டால் இன்னொரு பல்லையும் சேர்த்துக் கெடுக்கும்.

இரண்டு பல்லுக்கு நடுவில் சொத்தை எடுத்தால் அந்தப் பக்கச் சுவரே போய்விடும். அதற்குப் பதில் தற்காலிகமாக மெல்லிய உலோகத் தகடு நிறுத்தி, ஈறு ஓரத்தில் ஒரு சின்ன ஆப்பு செருகி, அதன் பிறகுதான் அடைக்க முடியும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் வைக்கிற வளைந்த தகடும், மேலே ஸ்பிரிங் வளையமும் போட்டால், வளையம் இரண்டு பல்லையும் இம்மியளவு விலக்கிப் பிடிக்கும். வளையத்தை எடுத்ததும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பும், தகடு இருந்த கனம் அடைபட்டு, பல்லும் பல்லும் தொடும் ஒட்டு இறுக்கமாகிவிடும். பல்லைச் சுற்றிக் கட்டும் தட்டையான பட்டையை மட்டும் வைத்து காம்போசிட் போட்டால் ஒட்டு பெரும்பாலும் தளர்ந்துதான் வரும். வெள்ளி அடைப்பைக் குத்திக் குத்தி அமுக்கும்போது அது பட்டையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பல்லோடு சேர்க்கும். காம்போசிட் அப்படித் தள்ளாது.

ஃப்ளாஸ் ஒன்றே போதும் கண்டுபிடிக்க. உள்ளே போகும்போது 'டக்' என்று ஒரு தடை இருக்கணும், மற்ற பக்கப் பற்களில் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் ஒட்டு திறந்திருக்கிறது. கிழிந்தால் ஈறு ஓரத்தில் ஃபில்லிங் வெளியே துருத்திக்கொண்டோ சொரசொரப்பாகவோ நிற்கிறது, ஆப்பு சரியாக இறங்கவில்லை என்று பொருள். உங்களுக்கு இரண்டும் இருக்கிற மாதிரி தெரிகிறது. பல்லிடுக்கு தெரியும்படி பைட்விங் எக்ஸ்ரே எடுத்தால் துருத்தல் தெரியும். துருத்தல் மட்டும் என்றால் உரசும் பட்டையால் வழித்துவிடலாம். ஒட்டு திறந்திருந்தால் வழித்துப் பயனில்லை, அந்தச் சுவர்ப் பகுதியை வெட்டியெடுத்துத் திரும்பக் கட்டணும்.

அதுவரை குச்சி, ஊக்கு எதுவும் விடாதீர்கள். ஃப்ளாஸை மேலே இழுக்காமல் ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவுங்கள்.

முறுக்குப்பிரியன்: ஃப்ளாஸ் விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் டக் என்கிறது, இங்கே சும்மா போகிறது, கீழே போய்க் கிழிகிறது. கூச்சம்? வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைக்கலாமா?

பதில் 3: கூச்சமாணி

கிராம்பு எண்ணெய் வேண்டாம். அதிலுள்ள யூஜினால் காம்போசிட் இறுகுவதைக் கெடுக்கும், நீங்களோ திரும்பப் போடப் போகிறவர். ஈறையும் புண்ணாக்கிவிடும்.

கூச்சத்தில் வலியின் அளவைவிட அது நிற்கும் நேரம்தான் கணக்கு. குளிர்ச்சி பட்டுச் சில விநாடியில் போனால் நரம்பு பிழைக்கும், வாரக்கணக்கில் தானே குறையும். அரை நிமிடத்துக்கு மேல் நின்று வலித்தால், சூடான காபிக்கு வலித்துக் குளிர்ந்த நீருக்கு அடங்கினால், ஒன்றும் சாப்பிடாமலே ராத்திரியில் எழுப்பினால், அப்போதுதான் ரூட் கெனால் பேச்சு. நீங்கள் சொல்வது முதல் வகை.

திரும்பப் போடும்போது ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் தாள்) கட்டுவார்களா என்று கேளுங்கள். எச்சில் ஒரு சொட்டுப் பட்டாலும் பாண்டிங் போச்சு. ஓரம் ஈறுக்குக் கீழே இறங்கி ஈரம் அடங்கவில்லை என்றால், அடியில் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட் வைத்து மேலே காம்போசிட் போடலாம். அது பல்லோடு ரசாயனமாகவே ஒட்டும், ஃப்ளோரைடும் விடும். கடைவாய்ப் பல்லில் முழுக்க அதையே வைத்தால் கடியின் பாரம் தாங்காமல் உடையும்.

வெள்ளி அடைப்பு கொஞ்சம் ஈரத்தைப் பொறுக்கும், உழைப்பும் அதிகம். ஆனால் அது நிற்கப் பல்லைக் கூடுதலாக வெட்டணும், எடையில் பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல் விதிவிலக்கான மருத்துவத் தேவைக்குத் தவிர அனுமதியில்லை. அதற்காக வாயில் நன்றாக இருக்கும் பழைய வெள்ளி அடைப்பைத் தோண்டி எடுக்க வேண்டாம், தோண்டும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும்.

கிளினிக்கில் "வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஒட்டு திறந்திருக்கு, ஃப்ளாஸ் கிழியுது, பைட்விங் எடுத்துப் பாருங்க" என்று சொல்லி, ஃப்ளாஸை அவர்கள் முன்னாலேயே விட்டுக் காட்டுங்கள்.