மீட்டர் காட்டிய வோல்ட், நாம் எதிர்பார்த்த வோல்ட்: உங்கள் அனுபவம்?

செம்புத்தகடு:
கல்லூரி லேபில் செம்பு-வெள்ளி செல். 1.26 வோல்ட் வரும் என்று ஒரு பையன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். மீட்டரில் 0.43. "மீட்டர் போச்சு மேடம்" என்று பக்கத்து மேசை மீட்டரைப் பிடுங்கி வந்தான். அதிலும் 0.43. ஒரு செம்பு அணுவுக்கு வெள்ளி அயனி இரண்டு வேண்டுமே என்று வெள்ளியின் நியம மின்முனை அழுத்தம் 0.80-ஐ இரண்டால் பெருக்கி, செம்பின் 0.34-ஐக் கழித்திருக்கிறான். வோல்ட் என்றால் ஒரு கூலோமுக்கு எத்தனை ஜூல் என்பதுதான். எலக்ட்ரான் இரண்டானால் ஆற்றலும் இரட்டிக்கும், மின்னூட்டமும் இரட்டிக்கும், வகுத்தால் அதே எண். தலையாட்டிவிட்டுப் போகும்போது கேட்டான்: "அப்போ ரெண்டாவது எலக்ட்ரான் சும்மாவா போகுது மேடம்?"

பேட்டரி கடை:
என் கஸ்டமர் கையிலேயே மீட்டரோடு வந்தார். "12.5 காட்டுது, நல்ல பேட்டரியை மாத்தச் சொல்றீங்களா?" என்று சண்டை. பேட்டரியிலிருந்து பெரிய மின்னோட்டம் இழுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டரை வைத்தேன். முள் 7-க்குக் கீழே சரிய, ஒரு செல் மட்டும் குபுகுபுவென்று கொதித்தது. மனுஷன் முகத்தைப் பார்க்கணும்! சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட் பொய்.

வோல்டா ரசிகன்:
பொய் இல்லை அண்ணே. மின்னோட்டம் இல்லாமல் அளப்பதுதான் இ.எம்.எஃப் (மின்னியக்கு விசை). லோடு ஏறியதும் உள்மின்தடை தின்றுவிடுகிறது, அது வேறு கணக்கு. என் கதை சின்னது: பிளஸ் டூ பிராக்டிகலில் டேனியல் செல் (துத்தநாகம்-செம்பு) 1.1 காட்டிக்கொண்டிருக்க, இரு கரைசல்களையும் இணைக்கும் உப்புப் பாலத்தை நண்பன் தூக்கினான், பூஜ்யம். செய்யப் போகிறவர்கள் கவனிக்க: துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்துப் போடுங்கள். வெள்ளி செல்லுக்குப் பொட்டாசியம் குளோரைடு பாலம் வைக்காதீர்கள், வெள்ளி குளோரைடு வெள்ளையாகப் படியும். பொட்டாசியம் நைட்ரேட்தான் சரி. ஒயரை ஈரக் கையால் தொடாதீர்கள். கரைசலின் செறிவைக் குறித்து வையுங்கள், பலர் குறிப்பதே இல்லை. மேடம், 0.80-இல் 0.34 போனால் 0.46 அல்லவா வரணும்? 0.43 எப்படி?

பேட்டரி கடை:
தம்பி, உங்க இ.எம்.எஃப்-ஐ வைத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க.

செம்புத்தகடு:
இரண்டு கரைசலும் 0.1 மோலார். செறிவுக்கேற்ப வோல்ட்டைத் திருத்தும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வெள்ளி அயனிச் செறிவு வர்க்கமாக வருகிறது, செம்பின் 0.1-ஐ அந்த 0.01-ஆல் வகுத்தால் 10, அதன் மடக்கை 1, அதனால் 0.03 குறைகிறது. அந்த 2 அங்கேதான் வேலை செய்கிறது. பையன் இப்போது எந்த ஊரிலோ.