முப்பது நாள் கடும் பத்தியம் உண்ணும் பழக்கத்தை மாற்றுமா?

புலரி:
முப்பது நாள் விலக்குப் பத்தியத்தை நேற்று நிறைவு செய்தேன். 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஹோல்30’ திட்டத்தின் விதிகளின்படி சர்க்கரை, மது, தானியங்கள், பருப்பு வகைகள், பால் பொருள்கள் ஆகியவற்றை அறவே தொடாமல் இருந்தேன். இடையில் ஒரு வாய் தவறினாலும் முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்பது அதன் விதி. இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்டால், அளவாக உண்பேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நாளுக்குப் பத்து முறை என்னோடு நானே பேரம் பேச வேண்டியிருந்தது; முழுவதுமாக விலக்கியபோது அந்தப் பேரமே இல்லாமல் போயிற்று. மாலை வேளைகளில் எனக்கு வந்துகொண்டிருந்தது பசி அல்ல, வேலைச் சலிப்பு என்பதைப் பன்னிரண்டாம் நாள்தான் கண்டுகொண்டேன். உண்ணும் பழக்கத்தைச் சீர்செய்ய விரும்பும் எவரும் ஒருமுறையேனும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கல்தச்சன்:
நீங்கள் முடித்துக் காட்டியதைப் பாராட்டுகிறேன். ஆனால் “எவரும்” என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. 1944ஆம் ஆண்டின் இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் தொடங்கிய ஆய்வில், நல்ல உடல்நலம் கொண்ட 36 இளைஞர்களின் உணவு ஆறு மாதங்களுக்குக் குறைக்கப்பட்டது. அவர்கள் இரவும் பகலும் உணவையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், கட்டுப்பாடு நீங்கிய பிறகு வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் உண்டார்கள். தடுக்கப்பட்ட உணவு மனத்தில் பெருத்து நிற்கும். நானும் இரண்டு முறை இத்தகைய பத்தியம் இருந்தவன்; இரண்டு முறையும் பத்தியம் முறித்த வாரத்தில் அதற்கு முன் எப்போதும் உண்ணாத அளவுக்கு உண்டேன்.

புலரி:
அந்த ஆய்வு இங்கே பொருந்தாது, நண்பரே. அவர்கள் பாதி வயிற்றுக்குத்தான் உண்டார்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். நான் மூன்று வேளையும் வயிறு நிறைய உண்டேன். பட்டினியும் உணவு வகையை விலக்குவதும் ஒன்றல்ல. மேலும், நாக்கு மாறுகிறது என்பது என் அனுபவம் மட்டுமன்று. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று மாதங்கள் சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு அதே இனிப்புப் பண்டம் முன்பைவிடக் கூடுதலாகத் தித்தித்தது.

கல்தச்சன்:
பட்டினியையும் விலக்கையும் நான் ஒன்றாகச் சேர்த்தது தவறுதான். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆயினும் நீங்கள் சொல்லும் ஆய்வை முழுவதுமாகப் பாருங்கள்: தித்திப்பு கூடியதே தவிர, இனிப்பின் மீதான விருப்பம் குறையவில்லை, விரும்பியதை உண்ணலாம் என்று விட்டவுடன் நாக்கு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

என் கவலைக்கு நேரடியாகப் பொருந்துவது 1975இல் ஹெர்மன், மேக் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனை. மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னபோது, உணவில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் குறைவாக உண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ எதுவும் குடிக்காதபோது உண்டதைவிட அதிகமாக உண்டார்கள். விதி ஏற்கெனவே உடைந்துவிட்டது, இனி எதற்குக் காக்க வேண்டும் என்ற எண்ணமே அதன் காரணம் என்று விளக்கப்படுகிறது. ஒரு வாய் தவறினால் முதல் நாள் என்னும் விதி இந்த எண்ணத்தைத்தான் வளர்க்கிறது.

நெய்தல்:
இருவருமே இந்த முறையின் பிறப்பை மறந்து வாதிடுகிறீர்கள். விலக்கு உணவுமுறை பழக்கத்தைத் திருத்துவதற்காக உண்டானதன்று; 1920களில் ஆல்பர்ட் ரோவ் என்ற அமெரிக்க மருத்துவர் உணவு ஒவ்வாமையைக் கண்டறிவதற்காக அதைப் பரப்பினார். இன்று மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான, குடல் எரிச்சல் நோயாளிகளுக்கான உணவுமுறையிலும் விலக்கும் காலம் இரண்டு முதல் ஆறு வாரங்கள்தான். அதன் பிறகு ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்ப்பதே அதன் உயிர்ப்பகுதி. புலரி, உங்கள் பதிவில் அந்தப் பகுதியைக் காணவில்லை.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோதுமை உண்டதும் வயிற்றுத் தொல்லை என்று நானே அதை நிறுத்தினேன். சில மாதங்கள் கழித்து, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, குளூட்டன் உண்ணாத உடலில் அந்தப் பரிசோதனை பொய்யாக ‘நோய் இல்லை’ என்று காட்டக்கூடும் என்று மருத்துவர் சொன்னார். ஆறு வாரங்கள் மீண்டும் கோதுமை உண்டு, வலியோடு காத்திருந்து பரிசோதித்துக்கொண்டேன். பரிசோதனை முதலில், விலக்கு பிறகு என்ற வரிசையை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

கல்தச்சன்:
நெய்தல் சொன்னது என் வாதத்துக்கும் வலு சேர்க்கிறது. ஐந்து வகைகளை ஒரே நாளில் நிறுத்திவிட்டு, வயிறு லேசானது எதனால் என்று எப்படிச் சொல்ல முடியும்? நார்ச்சத்து மிகுந்த பருப்பை, அது உடலுக்கு ஒத்துக்கொள்ளும் ஒருவர் காரணமின்றி விலக்குவதால் இழப்புதான் மிச்சம். முதல் வாரத்தில் எடை குறைந்தாலும் அதில் பெரும்பகுதி நீர். உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உண்ணுதல் கோளாறு என்ற மனநலப் பாதிப்பு ஒருமுறையேனும் இருந்தவர்கள் இத்தகைய பத்தியத்தின் பக்கமே போகக் கூடாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

புலரி:
“எவரும்” என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். கல்தச்சன் சொன்ன நிலையில் இருப்பவர்களை நான் நினைத்துப் பார்க்கவில்லை. திரும்பச் சேர்க்கும் பகுதியும் திட்டத்தில் உண்டு, நான்தான் அவசரத்தில் பதிவை எழுதிவிட்டேன். நாளை பருப்பில் தொடங்குகிறேன்; ஒரு நாள் உண்டு, இரண்டு நாள் பழைய பத்தியத்துக்குத் திரும்பி, வயிறு, உறக்கம், தோல் ஆகியவற்றைக் குறித்துவைத்த பிறகே பாலுக்குப் போவேன். ஆனால் கண்டிப்பின் பயனை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அரைகுறை விலக்கில் எதையும் கண்டறிய முடியாது என்பதை நெய்தலும் மறுக்க மாட்டார்.

நெய்தல்:
மறுக்கவில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து விலக்கினால் கண்டிப்பு தேவைதான். ஒரு உணவுக்கு உடனடியாக முகவீக்கமோ மூச்சுத் திணறலோ முன்பு வந்திருந்தால், அதை வீட்டில் திரும்பச் சேர்த்துப் பார்க்காதீர்கள். அது மருத்துவர் முன்னிலையில் செய்ய வேண்டியது.

கல்தச்சன்:
கண்டறிவதற்கான கண்டிப்பை நானும் ஏற்கிறேன். தண்டனையாக வரும் முதல் நாளை மட்டும் ஏற்கவில்லை. பதினோராம் நாள் ஒரு வாய் தவறினால், எதை, எப்போது, எந்த மனநிலையில் உண்டீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அடுத்த வேளையைப் பன்னிரண்டாம் நாளை நோக்கி உண்ணுங்கள்.