பல்லேகலை நில அதிர்வுப் பதிவை வைச்சுப் பூமியின்ர உட்கருவைப் பார்க்க ஏலுமா?

கொக்குவில்_பௌதிகம்:
பல்லேகலை நிலையத்தின்ர நிலைக்குத்துப் பதிவுகளை எர்த்ஸ்கோப் தரவகத்தில எடுத்து, உட்கருவுக்குள்ளால வாற பி.கே.ஐ.கே.பி. அலை வந்த நேரத்தை, பூமிக்குள்ள ஆழத்துக்கு ஆழம் அலை வேகம் சொல்லுற ஏ.கே.135 மாதிரியோட ஒப்பிடுறன். எச்சம் (அளந்த நேரத்துக்கும் மாதிரி சொல்லுற நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்) ±2 செக்கன் சிதறுது. பூமியின்ர சுழலச்சுத் திசையில உட்கருவுக்குள்ள அலை விரைவாப் போறதை இதில காட்டலாமா?

வடமராட்சியான்:
தனி நேரத்தை எடுத்தால் சிதறத்தான் செய்யும். அதிர்வின்ர தொடக்க நேரப் பிழை, ஆழப் பிழை, மென்மூடியின்ர (கருவுக்கும் மேலோட்டுக்கும் இடையில கிடக்கிற படை) வேக ஏற்றத்தாழ்வு எல்லாம் அதுக்குள்ள கிடக்கு. உட்கருவால வாற டி.எவ். கிளைக்கும் (நீங்க சொல்லுற பி.கே.ஐ.கே.பி. தான்) வெளிக்கருவின்ர அடியில திரும்புற பி.சி. கிளைக்கும் இடைப்பட்ட நேரத்தை அளவுங்கோ. மென்மூடியில இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வழி. பிழை பெரும்பாலும் வெட்டுப்பட்டுப் போகும்.

அதிர்வுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம் 147–154 பாகை இருக்கவேணும். குறைஞ்சால் இரண்டு துடிப்பும் ஒட்டிக்கிடக்கும், கூடினால் பி.சி. உட்கரு விளிம்பில வளைஞ்சு மெலிஞ்சு வரும். பருமன் 5.8–6.7 காணும், அதுக்கு மேல மூலத் துடிப்பே நீண்டிடும். ஆழம் 100 கி.மீ.க்குக் கூட இருக்கவேணும், இல்லாட்டி மேற்பரப்பில தெறிச்ச அலை பி.சி.யில ஏறும். 0.5–2 ஹெர்ட்ஸ் வடிச்சு, இரண்டு துடிப்பையும் நகர்த்திப் பொருத்திப் பார்க்கிற குறுக்குத்தொடர்பு போடுங்கோ. டி.எவ்.இன்ர உயர் அதிர்வெண்ணை உட்கரு தின்னுறதால வடிவம் அச்சொட்டாப் பொருந்தாது.

ஒண்டு கவனம்: அலை நேரம் கணக்கிடுற டௌ-பி மென்பொருளில பி.கே.பி. (கருவுக்குள்ளால வாற அலை) எண்டு கேட்டால் 150 பாகையில இரண்டு நேரம் வரும். முந்தினது பி.சி., பிந்தினது வெளிக்கருவின்ர மேற்பகுதியில திரும்புற ஏ.பி. கிளை. மாறி எடுக்கிற ஆக்கள் கனபேர்.

தீவகத்தான்:
அண்ணை சொன்னது சரி, ஆனா திசை? வடக்குச் சிலி அதிர்வுகள் பல்லேகலைக்கு 149 பாகையளவில. கதிர் நமீபியாக் கரைப்பக்கம் ஆழத்தில திரும்பி, சுழலச்சுக்கு 75 பாகை சரிவாப் போகுது. அது நடுக்கோட்டு வழி; ஒப்பீட்டுக்கு மட்டும் உதவும். அச்சுக்கு 35 பாகைக்குள்ள வேணுமெண்டால் தென் சான்ட்விச் தீவுகளில நடந்த அதிர்வுகளுக்கு அலாஸ்கா நிலையங்களைப் பாருங்கோ. உட்கருவுக்குள்ள ஏறத்தாழ 1,500 கி.மீ. ஓட்டம், வேகம் 1% கூடினால் 1.3 செக்கன் முந்தும். செக்கனுக்கு 20 தரம் அளந்த பதிவிலயே தெரியும். அந்த ஒரு வழியை மட்டும் நம்பாதேங்கோ, அலாஸ்காவுக்குக் கீழ செருகியிருக்கிற தட்டும் எச்சத்தைக் கூட்டுது எண்ட சந்தேகம் இருக்கு.

கொக்குவில்_பௌதிகம்:
ஏ.பி.–டி.எவ். எடுத்தால் இன்னும் ஆழம் போகலாமே?

வடமராட்சியான்:
போகலாம். ஆனா ஏ.பி. மென்மூடியின்ர அடித்தட்டில சரிஞ்சு ஓடுது. அங்கத்தைக் குழப்பமெல்லாம் எச்சத்தில வந்திடும். ஒப்பிட முதல் ஹில்பேர்ட் மாற்றமும் போடவேணும், கட்டம் 90 பாகை தள்ளியிருக்கும். முதல்ல பி.சி.யோட முடியுங்கோ தம்பி.