வேனுக்குள் படுத்தால் விடியும்போது கண்ணாடியில் தண்ணீர் வடிகிறது, என்ன செய்யலாம்?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். நாங்கள் ஹட்டன் பக்கம். பெப்ரவரியில் பிள்ளைகள் இருவரோடும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக யோசனை. காலை 9 மணி தாண்டினால் அங்கே ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் மூடுபனி ஏறிவிடும் என்பதால், முதல்நாள் இரவே பட்டிப்பொல பக்கம் போய் எங்கள் சுசூகி எவ்ரி வேனிலேயே படுக்க நினைக்கிறோம். அறை வாடகை கேட்டேன், சரி வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை வாசலிலேயே ஒத்திகை பார்த்தோம். பின்சீட்டை மடித்து மெத்தை போட்டால் அகலம் நாலடி சொச்சம். நாலு பேரும் பக்கவாட்டில்தான் படுக்க வேண்டும், ஒருவர் புரண்டால் எல்லோரும் புரள வேண்டும். அது பரவாயில்லை. ஆனால் விடியும்போது எங்கள் மூச்சுக்காற்றே தண்ணீராகிக் கண்ணாடியில் வடிந்து போர்வையெல்லாம் ஈரம். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினால் சின்னவள் நடுங்குகிறாள். அங்கே உறைபனி விழும் மாதம் வேறு. என்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போடுவது, உள்ளே அடுப்பு மூட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். புகையின் நச்சுவாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இப்படிப் படுத்த அனுபவம் உள்ளவர்கள் ஈரத்துக்கு என்ன செய்தீர்கள்? கழிப்பறை வசதியோடு, இரவில் பயமில்லாமல் வேனை நிறுத்த அந்தப் பக்கம் இடம் இருக்கிறதா? மாமியாரும் வருவதாகச் சொல்கிறார், அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.