இருபது வருடம் நின்ற ஹெரால்டும் அப்பாரு எழுதி வைத்த ஆயில் டப்பாவும்

அப்பாரு (தாத்தா) 1966இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் செய்த வண்டி, இரண்டு கதவு, 948 சிசி. 2003இல் அவர் தவறியதும் கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) தார்ப்பாய் போட்டு மூடினோம், அதோடு சரி. பழைய இரும்புக்கு எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றுகூட ஒருவர் வந்தார். அப்பா கொடுக்கவில்லை, ஓட்டவும் இல்லை. 2023 பொங்கலுக்குப் போயிருந்தபோது தானாகவே சொன்னார், "அது ஒருக்கா ஓடறதைப் பாக்கோணும் கண்ணு."

எனக்கும் சித்தப்பா பையனுக்கும் அன்றே கை துறுதுறுவென்று இருந்தது. புது பேட்டரி வாங்கி வந்து மாட்டிவிட்டோம், சாவியைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்தக் காலத்தில் ஹெரால்டு வேலை பார்த்த ஒரு பெரியவர் ஈரோட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு எதற்கும் கேட்டுவிடலாம் என்று போன் செய்தோம். "தம்பி, பேட்டரியைக் கழட்டி வெச்சிருங்க, நான் வர்ற வரைக்கும் சாவியைத் தொடாதீங்க" என்றார். நின்றுபோன வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவதும் முதலில் இதைத்தான். சிலிண்டர் சுவரில் துரு ஏறி பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும் நேரத்தில் ஸ்டார்ட்டரைப் போட்டால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். ஓடியிருக்க வேண்டிய இன்ஜினை நாமே ரீபோருக்கு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலைக்கு அனுப்புகிறோம்.

அடுத்த ஞாயிறு வந்தார். ஹெரால்டில் பானெட் இரண்டு மட்கார்டோடும் சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும், அதனால் டயர் மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு, வைக்கோலும் கடலைத் தொலியுமாக. வயரிங்கிலும் பாதியைக் கடித்து வைத்திருந்தது. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றிவிட்டு, பத்து நாள் கழித்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். பத்து நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்ததும் டாப் கியரில் போட்டு நாங்கள் மூன்று பேர் வண்டியை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டினோம். முதலில் அசையவே இல்லை. அப்புறம் ஒரு விரற்கடை. அரைமணி நேரம் போனபின் ஃபேன் சுற்றியது, இன்ஜின் இறுக்கம் விட்டுவிட்டது. அப்பா திண்ணையை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது. கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரைச் சரி செய்தபின் பெடலை அழுத்தி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து விட்டோம், நாலாம் நாள் டப்பென்று விட்டது.

டேங்கில் மிச்சமிருந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் வாடை அடிக்கும் பழுப்புப் பசை. டேங்கை இறக்கி, உள்ளே சின்ன ஜல்லியும் டீசலும் போட்டுக் குலுக்கி, நாலைந்து தடவை கழுவினோம். பெட்ரோல் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பின் டயஃப்ரத்துக்கும் (உள்ளே இருக்கும் சவ்வு) அதே கதைதான்.

ஸ்டார்ட் ஆனதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, ஆயில் லைட் அணைந்தபின் பிளக் போட்டோம். பிளக்குக்குக் கரண்டை விட்டுவிட்டுக் கொடுக்கும் பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்த்தோம். நாலாவது தடவையில் பிடித்துக்கொண்டது, சாளை முழுக்க வெள்ளைப் புகை. அப்பா எதுவும் பேசவில்லை, பானெட் மேல் கை வைத்தபடி நின்றார்.

அப்படியே ஒரு ரவுண்டு போகலாம் என்று நான் ஏறி உட்கார்ந்தேன். பெரியவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "பிரேக்கு? முன் சக்கரம்?" நாலு வீல் சிலிண்டரும் இறுகிக் கிடந்தன, பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் குழி விழுந்திருந்தது, அதை லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட்டு வாங்கினோம். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது முன் சக்கரம்.

ஹெரால்டில் முன் சக்கரத்துக்குக் கீழே ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் ஸ்டீல் தண்டின் கீழ்முனையில் மரை, அது இதற்குள் நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் போல்ட்டும் நட்டும்போல மரைக்குள் மரை சுற்றும். அதற்குக் கிரீஸ் ஆகாது, 90ஆம் நம்பர் கியர் ஆயில்தான் அடிக்க வேண்டும். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காமல் காய்ந்து கட்டியாகும், தண்ணீர் போய்த் தங்கும், ஸ்டீல் அரித்து ஒருநாள் மரை இருக்கும் இடத்திலேயே முறியும். ஓடும்போது முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் கிரீஸ் கல்லாக இருந்தது, இடது தண்டில் கண்ணுக்குத் தெரியும் விரிசல். 90களில் ஏதோ ஒரு பட்டறையில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். சாளை அலமாரியில் நான் சின்ன வயதிலிருந்து பார்த்த டப்பாதான், சுத்தம் பண்ணும்போது குப்பையோடு வெளியே வைத்ததும் நான்தான். அதில் அப்பாரு கையெழுத்தில், பெயின்ட்டில்: "முன் சக்கரம். ஆயில் மட்டும். கிரீஸ் வேண்டாம்." பெரியவர் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "வண்டி வெச்சிருக்கத் தெரிஞ்ச ஆளுங்க உங்க அப்பாரு" என்றார்.

தண்டும் ட்ரன்னியனும் இங்கே கிடைக்கவில்லை, சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தோம். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் நம் ஹெரால்டுக்கு மூலம், அங்கே ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்பு என்பதால் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அங்கிருந்து வரவழைத்தோம். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, மாற்றிப் போட முடியாது.

ஆர்.சி. இன்னும் அப்பாரு பெயரில்தான், வாரிசுச் சான்றிதழ் வாங்கி மாற்றிக்கொண்டிருக்கிறோம். அது முடிந்ததும் வின்டேஜ் பதிவுக்குக் கொடுப்பதாக இருக்கிறோம். 2021இல் வந்த விதிப்படி 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அது கிடைக்கும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், ஆனால் தினமும் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது.

அதுவரை தோட்டத்துக்குள் மட்டும்தான். சாயங்காலம் அப்பா சாளையிலிருந்து கிணறு வரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வருகிறார். டைனமோ இன்னும் சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை, பின் கண்ணாடி ரப்பரும் வர வேண்டும். டப்பாவைக் கழுவி, புது ஆயில் ஊற்றி, அதே அலமாரியில் வைத்திருக்கிறோம்.