புதுப்பிப்பு: வங்கி ஜப்திக்கு வரும் வாடகை வீடு

வீட்டுக்காரர் கடன் கட்டாததால் வங்கி வீட்டை எடுக்க வந்தாலும், குடியிருப்பவரை உடனே வெளியேற்ற முடியாது என்று முன்பு எழுதியிருந்தோம். அது பாதி உண்மைதான். வங்கிகள் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தில் (2002) எல்லாமே தேதியைப் பொறுத்தது.

கடனைக் கட்டச் சொல்லும் 13(2) பிரிவு நோட்டீஸ், 60 நாள் கெடுவோடு, கடனாளிக்குத்தான் போகும். உங்களுக்குத் தெரியவே வராது. பெரும்பாலும் சுவரில் ஒட்டும் சுவாதீன அறிவிப்பை (வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்வது) பார்த்துத்தான் விஷயம் தெரியும். அன்றே தேதி தெரிய அதைப் படமெடுங்கள். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் (டி.ஆர்.டி.) 17ஆம் பிரிவில் மனுப்போட, வங்கி அந்த நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம். 2016 திருத்தத்தில் வந்த 17(4ஏ) வாடகைதாரரின் கோரிக்கையையும் விசாரிக்கச் சொல்கிறது.

அங்கே பார்ப்பது: குத்தகைக் காலம் முடிந்ததா, அடமான நிபந்தனைக்கு முரணா, 13(2) நோட்டீசுக்குப் பிறகு போட்டதா. வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் நோட்டீசுக்குப் பின் போட்ட ஒப்பந்தம் நிற்காது.

பலர் வழுக்குவது பதிவில். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு தரும் காலத்துக்கு மேல் இருக்க முடியாதென 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவில்லாத வீட்டுக் குத்தகை, அதே சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, மாத வாடகையாகவே கருதப்படும்; 15 நாள் நோட்டீஸ், அவ்வளவுதான். லட்சக்கணக்கில் கொடுத்து வெள்ளைத்தாளில் போக்கியம் எழுதியவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

வாடகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்தால் அது குடியிருப்புக்குச் சான்றாக உதவும். முன்பணத்தை வங்கி தரும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

குடிபோகுமுன் வில்லங்கச் சான்று எடுங்கள். கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்தது பதிவாகியிருந்தால் அதில் தெரியும்.