விஎம்/370: 'மெஷின் தொங்கிடுச்சு' என்பதற்கு முன்

ஐபிஎம் 370 பெருங்கணினியைப் பலருக்கும் தனித்தனி மெய்நிகர் மெஷினாகப் பிரித்துத் தரும் இயக்க முறைமை விஎம்/370. அதில் திரை அசையவில்லை என்றால் முதலில் வலது கீழ் மூலையைப் பாருங்கள். 'சிபி ரீட்' என்று இருந்தால் எதுவும் கெடவில்லை. முனையத்தின் பிஏ1 சாவி தட்டுப்பட்டு, கட்டுப்பாடு சிஎம்எஸ்ஸிடமிருந்து (மெய்நிகர் மெஷினுக்குள் நீங்கள் வேலை செய்யும் சிறு இயக்க முறைமை) சிபிக்கு (மெய்நிகர் மெஷின்களை நடத்தும் அடித்தளம்) போயிருக்கிறது, அவ்வளவுதான். 3270 முனையத்தைப் போல இயங்கும் எக்ஸ்3270 நிரலில் ஆல்ட்டும் 1-ம் சேர்ந்தால் பிஏ1. 'பிகின்' அடித்து என்டர் தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பதற்றத்தில் 'ஐபிஎல் சிஎம்எஸ்' (சிஎம்எஸ்ஸைப் புதிதாகத் துவக்கும் கட்டளை) கொடுத்துவிடாதீர்கள். எடிட்டரில் சேமிக்காதது அத்தனையும் போய்விடும். திரை நிரம்பி 'மோர்' என்று நின்றால் சுமார் ஒரு நிமிடத்தில் தானே நகரும். அப்போது என்டர் தட்டினால் 'ஹோல்டிங்' ஆகிவிடும், பிறகு நீங்கள் விடுவிக்கும்வரை நகராது.

யோசிக்காமல் கொடுக்கக் கூடாதவற்றில், நினைவக அளவை மாற்றும் 'டிஃபைன் ஸ்டோரேஜ்' கட்டளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2எம் (2 மெகாபைட்) கேட்டால் கிடைக்கும், ஆனால் அந்த நொடியே உங்கள் மெய்நிகர் மெஷின் ரீசெட் ஆகும். மறுபடி ஐபிஎல் செய்தாக வேண்டும். சிபி ஒவ்வொருவருக்கும் தருவது ஒரு முழு 370. ஓடிக்கொண்டிருக்கும் நிஜ மெஷினில் நினைவகத்தை மாற்ற முடியாதல்லவா? 1972-ல் வந்த இந்த வடிவமைப்பின் அழகே இந்தக் கறார்தான்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இன்னொருவர் டிஸ்க்கை இணைக்கும் 'லிங்க்' கட்டளையில் எம்டபிள்யூ (பலரும் எழுதலாம் என்ற முறை). ஒரே மினிடிஸ்க்கை (டிஸ்க்கில் ஒருவருக்குப் பிரித்துத் தரும் பகுதி) இரண்டு பேர் எழுதும் உரிமையோடு எடுக்க சிபி அனுமதித்துவிடும். ஆனால் சிஎம்எஸ், டிஸ்க்கைப் பயன்பாட்டுக்குத் திறக்கும் 'ஆக்ஸஸ்' கட்டளையைச் செய்யும்போது கோப்புப் பட்டியலைத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, எழுதி முடித்ததும் அதையே டிஸ்க்கில் திரும்பப் பதிக்கும். இருவரிடமும் தனித்தனிப் பட்டியல். கடைசியாகப் பதித்தவருடையது நிற்கும், மற்றவர் எழுதிய பிளாக்குகள் காலி என்று கணக்காகி வேறு கோப்புக்குப் போகும். எந்த எச்சரிக்கையும் வராது, பல நாள் கழித்துத்தான் குப்பை தெரியும். சிஎம்எஸ் டிஸ்க்குக்கு எம்டபிள்யூ தரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுதுபவர் ஒருவர், மற்றவர்கள் ஆர்ஆர் (படிக்க மட்டும்). படிப்பவர்களுக்கும் ஒன்று: எழுதுபவர் கோப்பை மாற்றினால் மறுபடி 'ஆக்ஸஸ்' செய்யுங்கள். இல்லையென்றால் பழைய பட்டியலை வைத்துப் புதிய பிளாக்கைப் படிப்பீர்கள்.

அதற்குப் பதில் கோப்பை அனுப்பிவிடலாமே. 'ஸ்பூல் பஞ்ச்' (மெய்நிகர் துளை அட்டை எழுதியின் வெளியீட்டைத் திருப்பும் கட்டளை) கொடுக்கும்போது பெறுபவர் பெயரைக் கொடுத்துவிட்டு 'பஞ்ச்' செய்தால் அவருடைய மெய்நிகர் அட்டை ரீடரில் போய் விழும், அவர் 'ரீட்கார்ட்' கொடுத்து எடுத்துக்கொள்வார். வரி 80 எழுத்தைத் தாண்டினால் 'பஞ்ச்' மறுத்துவிடும், துளை அட்டையில் 80 பத்திகள்தானே. அப்போது 'டிஸ்க் டம்ப்', மறுமுனையில் 'டிஸ்க் லோட்'.